இறுதியாண்டு ப்ராஜெக்ட் கிராம சபைக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொறியியல் கல்லூரிகளில் சமூகப்பணி என்றாலே நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. 1969-இல் தொடங்கிய அத்திட்டத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிக்கவும் மரக்கன்று நடவும் நான்காண்டுப் பொறியியல் படிப்பு தேவையில்லை. படித்த படிப்பு ஊருக்குப் பயன்படவேண்டிய இடம் இறுதியாண்டு ப்ராஜெக்ட். அதையோ 'ப்ராஜெக்ட் சென்டர்'களில் பணம் கொடுத்து வாங்கி, பைண்டிங் செய்து சமர்ப்பிப்பது ஊரறிந்த ரகசியமாகிவிட்டது.

2014-இல் மத்திய அரசு தொடங்கி, டெல்லி ஐ.ஐ.டி. ஒருங்கிணைத்துவரும் உன்னத் பாரத் அபியான் திட்டத்தின்கீழ்க் கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுத்துள்ளன. வீடுவீடாகக் கணக்கெடுப்பும் நடக்கிறது. அக்கணக்கெடுப்பில் தெரியவரும் குறைகளையே ப்ராஜெக்ட் தலைப்புகளாகக் கொடுத்தால் என்ன?

ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். பிளீச்சிங் பவுடரைப் பல ஊர்களில் கைக்கணக்காகவே வாளியில் கரைத்து ஊற்றுகிறார்கள். புதிய பவுடரில் சுமார் 33 விழுக்காடு குளோரின் இருக்கும். வாய் கட்டாமல் ஈரத்தில் கிடந்த மூட்டையில் அது வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே வழக்கமான அளவைப் போட்டாலும், லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சவேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் கூறும் குளோரின், கடைசித் தெருக் குழாயில் இல்லாமல் போகலாம். எளிய சோதனைப் பெட்டி, குழாய் வரைபடம், தண்ணீர் திறந்துவிடும் நேரக் குறிப்பு ஆகியவற்றை வைத்துக்கொண்டு மாணவர்கள் ஓராண்டு கவனித்தால், எந்தத் தெருவில் எதனால் குறைகிறது என்று சொல்லிவிடலாம். (சென்சார் பொருத்திக் கைப்பேசியில் பார்ப்பதெல்லாம் அதற்கடுத்த வேலை, நம் கல்லூரிகளில் அதுதான் முதல் வேலையாக இருக்கிறது.)

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1995-இல் தொடங்கிய 'எபிக்ஸ்' திட்டத்தில், முதலாண்டு முதல் இறுதியாண்டு வரையிலான மாணவர்கள் ஒரே குழுவாகச் சேர்ந்து, உள்ளூர்ச் சேவை அமைப்புகளுக்காகப் பல பருவங்கள் தொடர்ந்து உழைக்கிறார்கள்; அதற்குக் கிரெடிட்டும் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் மதிப்பலகு) உண்டு. மூத்தவர்கள் பட்டம் பெற்றுப் போனாலும் குழு கலைவதில்லை. இங்கே கருவியைப் பொருத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்ட 'பேட்ச்' கல்லூரியை விட்டுப் போனபின், அது பழுதானால் கேட்க நாதியில்லை.

எனவே அண்ணா பல்கலைக்கழகமும் தன்னாட்சிக் கல்லூரிகளும் இத்தகைய ப்ராஜெக்ட்களில் இரண்டாமாண்டு மாணவர்களையும் கிரெடிட்டுடன் சேர்த்து, அடுத்த ஆண்டு அவர்களே தொடரும்படி விதி வகுக்கவேண்டும். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. குடிநீர் சார்ந்த ப்ராஜெக்ட்களின் ஒரு 'ரிவ்யூ'வை, ஊராட்சியின் இசைவோடு, அங்கேயே நடத்தலாம். தொட்டி இயக்குபவரின் கருத்துக்கும் மதிப்பெண்ணில் இடம் தரலாம். பயணச் செலவையும் சோதனைச் செலவையும் கல்லூரி நிர்வாகமே ஏற்கவேண்டும். அவற்றை ஊராட்சியின் தலையிலோ மாணவர்களின் தலையிலோ கட்டுவது முறையன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியியல் பேராசிரியர்,
திருச்சி.