இம்போசிஷனை நிறுத்துங்கள்: பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் பாட ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டு விடைத்தாளைக் கொடுத்த கையோடு இம்போசிஷனும் கொடுத்துவிட்டீர்கள். 35-க்குக் கீழே வாங்கியவர்கள், விட்ட கேள்விகளுக்கெல்லாம் பதிலைப் பத்து முறை எழுதி வர வேண்டுமாம். படிப்பில் பிடிப்பே இல்லாத பிள்ளை இதனால் திருந்திவிடும் என்று நம்புகிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சமூக அறிவியலில் ஐந்து மதிப்பெண் பதில் ஏறக்குறைய ஒரு பக்கம் வரும். ஐந்து கேள்வி, பத்து முறை என்றால் 50 பக்கம். பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்றாலும் எட்டு மணி நேரத்தைத் தாண்டும். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் பிள்ளை இதை எப்போது எழுதும்? 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. நீங்கள் கை வைப்பது அந்தத் தூக்கத்தில்தான்.

எழுதும் விதத்தையும் பாருங்கள். பதிலின் முதல் சொல்லைப் பக்கம் முழுக்க மேலிருந்து கீழாக எழுதுகிறார்கள். பிறகு இரண்டாம் சொல், அப்புறம் மூன்றாவது. இரண்டு பேனாவை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஒரே இழுப்பில் இரண்டு வரி எழுதுவதும் உண்டு. வாக்கியம் என்ன சொல்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மறுநாள் சிவப்பு மையில் ஒரு டிக் விழுகிறது. அடுத்த தேர்வில் அதே கேள்வி மறுபடி காலியாகக் கிடக்கிறது.

ஆர்வமில்லை என்று நீங்கள் சொல்வது பல சமயம் கீழ் வகுப்பில் விட்டுப்போன பாடம். பெருக்கினால் 6, கூட்டினால் −5 வரும் இரண்டு எண்களைக் கேட்டுப் பாருங்கள். −2, −3 என்று சொல்ல வராத பிள்ளை எட்டாம் வகுப்புக் காரணிப்படுத்தலிலேயே நின்றுவிட்டது. அதனிடம் இருபடிச் சமன்பாட்டைப் பத்து முறை எழுதச் சொல்லி என்ன பயன்?

விடைத்தாள் கொடுக்கும் பீரியடில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தொடவே தொடாதது, பாதியில் விட்டது, தப்பாக எழுதியது என்று பிள்ளைகளே தங்கள் தாளில் குறிக்கட்டும். பாதியில் விட்டவற்றை முதலில் எடுங்கள், அவற்றில்தான் மதிப்பெண் சீக்கிரம் ஏறும். இரண்டு கேள்விகளை மட்டும் புத்தகம் பார்த்துப் படிக்கவிட்டு, மூடிவைத்து ஒரே ஒரு முறை எழுதச் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்து அதே இரண்டை மறுபடி கேளுங்கள். 22 வாங்கியவர் 28 வாங்கினால் அதை வகுப்பிலேயே சொல்லுங்கள். அந்த 6 மதிப்பெண்ணை இன்று யாரும் கண்டுகொள்வதில்லை.

‘மெல்லக் கற்போர்’ என்று பட்டியல் போட்டுத் தனி வரிசையில் உட்கார வைக்கிறீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே பெற்றோரைத் திட்டுகிறீர்கள். நூறு சதவீதத் தேர்ச்சி பேனருக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே டிசி வாங்கிப் போகச் சொல்லும் பள்ளிகளும் இருக்கின்றன. இத்தனைக்கும் பிறகு அந்தப் பிள்ளைக்குப் படிப்பின் மேல் ஆசை எங்கிருந்து வரும்?

கோபத்தில் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஐம்பது பிள்ளைகளை ஒரே ஆளாகச் சமாளிக்கும் உங்கள் சிரமமும் தெரியும். ஐம்பது பக்கம் புரட்டி டிக் போடும் நேரத்தைத்தான் மேலே சொன்ன பயிற்சிக்குக் கேட்கிறோம். முதல் திருப்புதல் தேர்வுக்கு முன்பே, இனி இம்போசிஷன் கிடையாது என்று வகுப்பில் அறிவித்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோர்