ஏரியில் நிற்கும் நாட்டுக் கருவேலத்தை விட்டுவையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிராமத்துத் தச்சுப் பட்டறைகளை டிராக்டர் மூடிவிட்டது என்கிறார்கள். பாதிதான் சரி. வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்த 1989-க்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே பட்டறைக்குச் சோறு போட்டது கலப்பை. கூலி பெரும்பாலும் அறுப்புக் களத்தில் அளக்கும் நெல். இயற்கையாக வளைந்த கருவேலங்கட்டையில் கலப்பை. மாட்டுக் கழுத்தில் கனம் தெரியாமலிருக்க நுணாவில் நுகத்தடி. ஏர் ஓய்ந்ததும் மண்வெட்டிக் காம்பு, கோடாலிக் காம்பு, உளிப்பிடி, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) என்று பட்டறை பிழைத்துக்கொண்டது. இப்போது அதுவும் தடுமாறுவது நல்ல கருவேலங்கட்டை கிடைக்காததால்.

மண்வெட்டிக் காம்பையே பாருங்கள். அதற்கான கட்டையை ரம்பத்தால் அறுப்பதைவிட ஆப்படித்துப் பிளப்பதே சரி. பிளந்தால் நரம்பு, அதாவது மரத்தின் நீளவாட்டு இழை, அடியிலிருந்து நுனிவரை அறுபடாமல் வரும். அறுத்த காம்பில் நரம்பு சரிந்து வெளியேறும் இடத்தில்தான் ஒடியும். வைரத்துக்கு மேலே இருக்கும் வெளிறிய வெள்ளைக்கட்டையைச் செதுக்கித் தள்ள வேண்டும். உளுப்பது அங்கேதான் ஆரம்பம். பச்சைக்கட்டையின் இரு முனையிலும் சாணி பூசி நிழலில் அடுக்க வேண்டும். வெயிலில் போட்டால் முனை முந்திக் காய்ந்து வெடிக்கும். ஒன்றரை அங்குலக் கனத்துக்கு ஆறு மாதமாவது காயவிடுவது நல்லது.

காயாத காம்பை மாட்டினால் சீக்கிரமே சுருங்கி மண்வெட்டி ஆடும். உடனே தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவது நம் வழக்கம். ஊறிய மரம் இரும்புக்குள் உப்ப இடமில்லாமல் நசுங்குகிறது. காய்ந்தபின் முன்னைவிடத் தொளதொளவென்று ஆகிவிடும். நன்றாகக் காய்ந்த ஆப்பு ஒன்றை இறக்குவதே வழி. கொட்டாப்புளிக்கு மட்டும் புளியமரத்து அடிக்கட்டை. நரம்பு பின்னிக் கிடப்பதால் எவ்வளவு அடி வாங்கினாலும் லேசில் பிளக்காது. (வார்னிஷ் பளபளக்கும் கடைக் காம்பு உள்ளங்கையைக் கொப்புளமாக்கும். கண்ணாடிச் சில்லால் சுரண்டிய காம்புதான் கைக்கு இதம்.)

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னது முதல், 'கருவேலம்' என்ற பெயர் கேட்டாலே பொக்லைன் வந்துவிடுகிறது. ஆனால் வனத்துறையின் சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரிகளுக்குள் நட்டது நாட்டுக் கருவேலம்; அது வேறு மரம். அடையாளம் சுலபம்: நாட்டு மரத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணிகோத்த மாலை, பட்டை கறுத்து ஆழமாக வெடித்திருக்கும். சீமையின் பூ வால்போல் நீளும். காயில் அந்த மணி இடுக்கு இருக்காது. சீமையும் கெட்டிக்கட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் கோணல் இல்லாமல் மூன்றடி எடுப்பதற்குள் தச்சருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

ஆகவே அதிகாரிகளே, மரம் அகற்றும் ஆட்கள் ஏரியில் இறங்குமுன் நாட்டு மரங்களுக்குச் சுண்ணாம்பு வளையம் போட்டுவையுங்கள். முறைப்படி ஏலம் விடும் மரங்களிலும் நேரான அடிமரத்தை விறகோடு எடைபோடாமல் தனியாகப் பிரித்து, உள்ளூர்ப் பட்டறைகளும் கேட்கும்படி சிறு சிறு லாட்டாக விடுங்கள்.

ஒரு வாசகர்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்