ஸ்டாம்புக் கூடத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் வெகுநாள் பூட்டிக் கிடந்த பழைய கடைவீடு இப்போது தபால்தலைக் கூடமாகத் திறந்திருக்கிறது. வருகிறவர்கள் எங்களைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டெல்லாம் வேறு பலருக்குப் போய்ச் சேர வேண்டியது.

முதல் நன்றி கொத்தனார் அண்ணனுக்கும் அவர் ஆட்களுக்கும். யாரோ எப்போதோ பூசிய சிமெண்டால், செங்கல்லில் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரிலேயே தங்கிவிட்டது. இந்த ஊர்ப் புழுக்கமே ஸ்டாம்புக்கு ஆகாது. பின்பக்கப் பசை இளகி ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டால், எடுக்கும்போது கிழிந்துதான் வரும். அண்ணன் சிமெண்டை முழுக்கக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசினார். ஒரு பூச்சு காயாமல் அடுத்ததைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். திறப்பு விழா தள்ளிப்போனது. ஆனால் அவர் பிடிவாதத்தால்தான் இன்று ஆல்பங்கள் பிழைத்திருக்கின்றன. ஈரம் உறிஞ்சும் மெஷினை இரவல் தந்த பக்கத்துக் கடை முதலாளி தவுக்கேக்கும் நன்றி.

அப்புறம், ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா. பலர் ஸ்டாம்பை மட்டும் கத்தரித்துத் தரத்தான் இருந்தார்கள். ஐயா வீடுவீடாகப் போய், முத்திரையோடு முழுக் கவராகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். எந்த ஊரில் போட்டது, என்றைக்குப் போட்டது என்று முத்திரைதானே சொல்லும்! தமிழ்நாட்டுக்கும் இங்கேயும் ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த கடிதங்கள் அப்படித்தான் முழுசாகக் கிடைத்தன. ஒன்றில் எழுத இடம் போதாமல் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறார்கள்.

தன் சேகரிப்பையே ஒப்படைத்த அன்பருக்கு எப்படி நன்றி சொல்வது? ‘பி 147’ முத்திரை குத்திய இந்திய ஸ்டாம்பை இங்கே பலர் முதன்முறையாகப் பார்க்கிறார்கள். பினாங்கு பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்தின் கீழ் இருந்தபோது 1854 முதல் இந்திய ஸ்டாம்புதான் இங்கும் ஓடியது. 147 நம் ஊருக்குத் தந்த எண். 1867இல் பிரிட்டனின் நேரடிக் காலனி ஆனபிறகு, அதே இந்திய ஸ்டாம்பின் மேல் கிரீடமும் சென்ட் விலையும் அச்சிட்டு விற்றார்கள். ஜப்பான்காரன் காலத்து ‘2602’ ஸ்டாம்பும் அவர் தந்ததே. அவர்கள் ஆண்டுக் கணக்கில் 2602 என்றால் நமக்கு 1942. பிள்ளைகள் அதைக் கேட்காமல் நகர்வதில்லை. ஒவ்வொரு தடவையும் அலுக்காமல் சொல்லும் ஆசிரியை அக்காவுக்கு நன்றி.

வேலை நாட்களில் கடை முன் நடைபாதையான அஞ்சடியில் சாப்பாடு போட்ட கடைக்காரர்களையும் மறக்கவில்லை.

இரவல் தந்த கவர்கள் பெயரெழுதிப் பத்திரமாக இருக்கின்றன. வேண்டியவர்கள் எப்போது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
கூடத்தின் தொண்டர்கள்