அப்பாவின் கசெட்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் அப்பாவின் கசெட் வேலை ஒருவழியாக முடிந்தது. இங்கே ஒரு கிழமையாகக் கச்சான் காற்று, பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. அறைக்குள்ளேயே கிடந்ததில் வேலை ஓடிவிட்டது.

சுருதி இறங்காமல் பாட்டை மெதுவாக்கித் தா, மகள் பிடித்துப் பாட வேண்டும் என்று கேட்டிருந்தாய். அது ஐந்து நிமிட வேலைதான். ஆனால் கசெட்டைப் போட்டதும் வேறொரு வில்லங்கம். முதல் பாட்டில் அப்பா ஒன்றரைக் கட்டைச் சுருதியில் தொடங்குகிறார். கடைசிப் பாட்டில் இரண்டரைக் கட்டையில் நிற்கிறார். விடியப்போகும் நேரத்தில் மனுசனுக்கு இவ்வளவு தெம்பா என்று யோசித்தேன். பிறகுதான் கவனித்தேன், சுருதிப்பெட்டியும் கூடவே ஏறியிருக்கிறது. அதுக்கு எங்கிருந்து தெம்பு வரும்?

பற்றரி, மச்சான். கோணேசர் கோயிலில் அந்தச் சிவராத்திரி இரவு ரேப் ரெக்கோடரை மடியில் வைத்துக்கொண்டு நாலு சாமமும் இருந்தோமே. நாடா நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். பற்றரி இறங்க இறங்க மோட்டார் தளர்ந்து நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் பாட்டும் விரையும், சுருதியும் ஏறும். ஒரு கட்டை ஏறியிருந்தால் வேகம் 12 வீதம் கூடியிருக்கிறது என்று கணக்கு.

ஆகவே முதலில் செய்தது நீ கேட்டதற்கு நேர்மாறான வேலை. வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே இறக்கினேன். ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் டைம் ட்ராக் என்று ஒன்று இருக்கிறது. அதில் வேகத்தைத் தொடக்கத்தில் 100 வீதத்திலும் முடிவில் 89 வீதத்திலும் வைத்து, சுருதிப்பெட்டியைக் காதால் பிடித்துக்கொண்டே இடையிடையே புள்ளி குத்தினேன். மூன்று இரவு போனது. கடைசியில் ஒரு பொடியன் “இன்னும் பதியுதோ?” என்று கேட்கிறான். யார் வீட்டுச் சின்னப் பிள்ளை என்று நினைத்திருந்தேன். வேகம் சரியானதும் பார்த்தால், அது நீ!

அதன் பிறகுதான் நீ கேட்ட வேலை, அதே மென்பொருளின் சேஞ்ச் டெம்போவால். 20 வீதம் குறைத்தேன், நாலு நிமிடப் பாட்டு ஐந்து நிமிடமானது, சுருதி அசையவில்லை. வாட்ஸப்பில் நீ அனுப்பும் நீண்ட குரல்பதிவுகளை நான் இரண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்பேன் (கோபிக்காதே). அப்போதும் உன் குரல் கீச்சிடாதே, அதே வித்தைதான். ஒலியை நொடியில் பத்திலொரு பங்குக்கும் குறைவான துண்டுகளாக நறுக்கி, அலை அலையோடு பொருந்தும் இடம் பார்த்து ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டுவார்கள். நீட்ட வேண்டுமென்றால் சில இடங்களை இரண்டு தரம் ஒலிக்கவிடுவார்கள். துண்டுக்குள்ளே அலை மாறாததால் சுருதியும் மாறாது. கொம்பியூட்டர் இல்லாமலே, 1954 இல், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃபேர்பாங்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் நாடாவைப் படிக்கும் தலைகள் சுழலுகிற ரேப் இயந்திரத்தாலேயே இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். நாங்கள் பென்சிலால் நாடா சுற்றிய கூட்டம், எங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்!

குரலில் இந்த ஒட்டு தெரியாது. தாளத்தில் தெரியும். அப்பாவின் கையிலிருந்த வெண்கலத் தாளம் 80 வீதத்தில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. 60 க்கு இறக்கிப் பார்த்தேன், ஒரு தட்டு ‘ணிங்’ என்று விழ வேண்டிய இடத்தில் ‘ணி-ணிங்’ என்று விக்குகிறது. தட்டும் கணம் துண்டின் எல்லையில் மாட்டி இரண்டு தரம் ஒலித்துவிடுகிறது.

அதைவிட எனக்குப் பிடிக்காதது கமகம், அதாவது சுரத்தின் அசைவு, படும் பாடு. தோடி ராகத்தில் காந்தார சுரத்தை அசைக்கிறாரே, 60 இல் அது காற்றில்லாத நாள் ஊஞ்சல் மாதிரிச் சோர்ந்து ஆடுகிறது. அப்பாவே விளம்பத்தில், மெதுவான நடையில், பாடியிருந்தால் அசைவை இப்படி இழுத்திருக்கமாட்டார், இன்னும் இரண்டு அசைவு கூட்டியிருப்பார். இயந்திரம் இருக்கிறதை நீட்டும், இல்லாததை எங்கிருந்து போடும்? அதனால் 60 ஐ அனுப்பவில்லை. மகள் 80 இல் சுரம் எந்த வழியால் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். அசைவைப் பழையபடி முழு வேகத்தில் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். இரண்டு கோப்பும் அனுப்பியிருக்கிறேன்.

மறுபக்கத்தை இன்னும் தொடவில்லை. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருக்கிறது, அப்படியே ஓட்டினால் ரெக்கோடரின் தலையில் ஒட்டிக்கொள்ளும். மாரிக்கு முன் துடைத்து எடுத்துவிடப் பார்க்கிறேன். அந்தப் பக்கத்தில் என்ன பாடினார் என்று உனக்கு ஏதாவது ஞாபகம் இருந்தால் எழுது. உறையில் பென்சிலால் எழுதியது அழிந்துபோய் ‘2ஆம் சாமம்’ மட்டும்தான் மிச்சம்.

அன்புடன்,
உன் மச்சான்