‘ம்’மில் முடிகிற ஊர்கள்

அன்பு மகன் தம்பிக்கு,

நீ போனில் ஏற்றிவிட்ட விளையாட்டை ஒரு கிழமையாக விளையாடிப் பார்த்தேன். எழுத்துகளைக் கோத்துச் சொல் கண்டுபிடித்தால் பாரிசுக்கும் ரோமுக்கும் கூட்டிக்கொண்டு போகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு விளையாடினாலும் மாங்குளத்துக்குப் போகாது.

போன ஞாயிறு பேத்தி கனடாவிலிருந்து போனில், “அப்பம்மா, உங்கட ஊரில என்ன கேம்?” என்று கேட்டாள். நீ வேலைக்குப் போயிருந்தாய். நம்முடைய பஸ் விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தேன்.

உனக்கு நினைவிருக்கும். போரில் மூடிக் கிடந்த கண்டி–யாழ்ப்பாண ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு வவுனியாவுக்குப் போகும்போது, ஓமந்தையில் இராணுவச் சோதனை வரிசையில் நீ சிணுங்காமல் இருக்க அப்பா தொடங்கியது. ஒருவர் சொல்லும் ஊர் முடிகிற எழுத்தில் அடுத்தவர் ஊர் தொடங்க வேண்டும். வன்னியில் அது வில்லங்கமான விளையாட்டு. புளியங்குளம், கனகராயன்குளம், பாண்டியன்குளம், வவுனிக்குளம், எல்லாம் ‘ம்’. மாங்குளம், மல்லாவி, முல்லைத்தீவு என்று கொஞ்ச நேரத்தில் ம வரிசை தீர்ந்துவிடும். மாரியில் கொட்டிவிட்டு மிச்ச மாதமெல்லாம் காய்கிற நிலம் இது. மழைத்தண்ணீரை மறித்துக் கட்டிய இடத்தில்தான் ஊர் வந்தது, பெயரும் குளத்துக்கே போயிற்று.

மற்றப் பக்கம் நெடுங்கேணி, விசுவமடு, வற்றாப்பளை. ‘ணி’யிலும் ‘ளை’யிலும் தொடங்க ஏது ஊர்? அதற்குத்தான் அப்பா ஒரு சட்டம் போட்டார்: ஆட்டத்தை நிறுத்துகிற ஊரைச் சொன்னவர், அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

நீ வேண்டுமென்றே முறிகண்டியைச் சொல்வாய். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் கடலை வாங்காமல் ஒரு வாகனமும் தாண்டாது என்பாய். அது கச்சான் கதை, பெயர் வந்த கதை இல்லை என்று அப்பா புள்ளி தரமாட்டார். ஒட்டுசுட்டானை மட்டும் வடிவாகச் சொல்வாய்: குரக்கன் அறுத்தபின் நின்ற ஒட்டை, அந்தத் தாளடியை, ஒருவன் சுட்டானாம், அங்கே சிவலிங்கம் தோன்றியதாம், அதனால் கோயிலுக்குத் தான்தோன்றீஸ்வரர் என்று பெயராம்.

இரணைமடு அப்பாவுடையது. இரணை என்றால் இரட்டை, இரண்டு மடுக்கள். 1902இல் குளத்து வேலை தொடங்கி 1920இல் முடிந்தது. அந்தத் தண்ணீரை நம்பி 1936இல் யாழ்ப்பாணத்து ஆட்களைக் குடியேற்றிக் கிளிநொச்சியை உண்டாக்கினார்கள். உருத்திரபுரத்தில் வாய்க்கால்களுக்குப் போட்ட இலக்கமே ஊர்ப்பெயராகிவிட்டது: டி எட்டு, டி பத்து. “இலக்கத்துக்கு என்ன கதை?” என்று நீ மடக்கினாய். காடு வெட்டினவனுக்குப் பெயர் யோசிக்க நேரம் இருக்கவில்லை என்றார் அப்பா. புள்ளியை அவரே எடுத்துக்கொண்டார்.

முள்ளிவாய்க்காலும் ‘ல்’லில் நின்றுவிடும். பேத்தியோடு விளையாடும்போது அந்தப் பெயரை நான் எடுக்கவில்லை. அவள் கொஞ்சம் வளரட்டும்.

ஒன்று கேட்க வேண்டும் தம்பி. உன் ஊர் கிளிநொச்சி என்றுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாய். கந்தோரில் கேட்கிறவர்களுக்கு அது போதும். அவளுக்குப் போதாது. நீ தவழ்ந்தது டி எட்டில், அந்த வாய்க்கால் கரையில். “டி எட்டு எண்டா என்ன?” என்று கேட்டாள், நான்தான் சொன்னேன். நீயும் சொல்லு.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். அப்பா ‘துணுக்காய்’ என்றார், நான் ‘யாழ்ப்பாணம்’ என்றேன். அவள் யோசிக்கவே இல்லை, “மார்க்கம்!” என்றாள், கனடா ஊர். திரும்பவும் ‘ம்’! அங்கேயும் ஒரு குளம் இருந்திருக்கும் என்று சொல்லி அப்பா சிரித்தார். அடுத்த ஆட்டத்தை அவளே ‘பிரம்டன்’ என்று தொடங்கினாள். ‘ன்’னில் ஒன்றும் இல்லை. கதை சொல்லு என்றோம். “அது அப்பாவுக்குத்தான் தெரியும்” என்று உன் தலையில் கட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கதையோடு எடு. அப்பா கொப்பியில் புள்ளி எழுதி வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா