பரந்தன் ஆலைத் தண்ணீரைப் பற்றி வதனிக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள வதனி,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பவானி ரீச்சரைக் கோயிலில் கண்டேன். உன்னை விசாரித்தார், அந்தக் குடைக் கதையையும் விடவில்லை.

உன் அரிசி ஆலையில் நெல் ஊறவைத்து வடிக்கும் தண்ணீரின் நாற்றத்தால் அயலவர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த நேரம் பார்த்து எங்கள் ஆய்வுகூடத்துப் பிள்ளைகள் பாசி வைத்த நுண்ணுயிர் எரிபொருள் கலம் ஒன்றை, அதாவது கழிவுநீரிலுள்ள பற்றீரியாக்களைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் கருவி ஒன்றை, இயக்கத் தொடங்கினார்கள். அன்று முதல் எனக்கு உன் ஆலை நினைவுதான்.

இரண்டு கண்ணாடி அறைகள், நடுவே ஒரு மென்சவ்வு. ஒன்றில் காற்றுப் புகாமல் அடைத்த கழிவுநீர், மற்றதில் குளோரெல்லாப் பாசி. கழிவைத் தின்னும் பற்றீரியாக்கள் இலத்திரன்களைக் காபன் துணியில் விடுகின்றன. அந்த இலத்திரன்கள் கம்பி வழியே பாசி அறையிலுள்ள மற்றொரு காபன் துணிக்குப் போகின்றன. சவ்வைக் கடந்து வரும் ஐதரசன் அயன்களும் ஒட்சிசனும் அங்கே அவற்றோடு சேர்ந்து நீராகின்றன. அந்த ஒட்சிசனைக் கொடுப்பது பாசி. காலையில் யன்னல் திரையை விலக்கினேன். சற்று நேரத்தில் பாசி அறைத் துணி முழுவதும் கடுகளவுக் குமிழ்கள்! மீற்றரில் இலக்கம் ஏறி ஏறி 300 மில்லிவோல்ற்றைத் தாண்டியது. மேகம் மூடியதும் இறங்கியது. சாப்பாட்டு நேரம் போனதே தெரியாமல் நின்றேன்.

ஆலைக்கு லைட் எரிக்கலாமா என்று கேட்பாய், உன்னை எனக்குத் தெரியாதா! முடியாது, வதனி. ஒரு கலம் 0.8 வோல்ற் தருவதே அபூர்வம், சின்னதொரு எல்.ஈ.டி.க்கே 2 வோல்ற் அளவில் வேண்டும். பல கலங்களைத் தொடராக இணைத்தால், உணவு குறைந்த கலம் முனை மாறி மற்றவற்றின் மின்னை விழுங்கிவிடும். பற்றீரியாவிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று ஆங்கிலேயத் தாவரவியலாளர் பொட்டர் 1911இலேயே காட்டினார். இன்னும் அது ஊருக்கு வெளிச்சம் தரவில்லை.

இலாபம் வேறிடத்தில் இருக்கிறது. வழமையான சுத்திகரிப்பு நிலையங்களில் மின்செலவில் ஏறக்குறையப் பாதி, ஒட்சிசனுக்காகத் தொட்டிக்குள் காற்று ஊதுவதற்கே போகிறது. அந்த வேலையைப் பாசி வெயிலைக் கொண்டு செய்கிறது. நீரிலுள்ள நைதரசனையும் பொசுபரசையும் கூடவே உறிஞ்சிக்கொள்கிறது. பரந்தன் வெயிலுக்கு இதைவிட நல்ல வேலை உண்டா?

ஆனால் இரவில் பாசியே ஒட்சிசனைச் செலவழிக்கும். சவ்வு விலை கூடியது, அழுக்குப் படிந்து அடைத்தும் போகும். இதைத் தொட்டியாகக் கட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் முற்பணம் கொடுத்துவிடாதே.

நல்ல வழி ஒன்று கிடைக்கும்வரைக்கும் அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விடாதே. கெஞ்சிக் கேட்கிறேன். ஆறு குளங்களில் விடும் கழிவுநீருக்கு பீ.ஓ.டி. (அதிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஒட்சிசன் அளவு) லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம்; உன்னுடையது அதைப்போல் பல மடங்கு இருக்கும். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தை நான் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடக்கிறேன். உன் ஆலை வாய்க்காலோ உங்கள் பிள்ளைகள் குளிக்கிற இடம். அதற்கு இந்தக் கதி வரவே கூடாது.

ரமணன் அடுத்த கிழமை ரயிலில் வருகிறான் அல்லவா? ஊறவைத்த தண்ணீரையும் அவித்து வடித்த தண்ணீரையும் தனித்தனிப் போத்தல்களில் வாய்வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடு. எந்தத் தொட்டியில், எத்தனை மணிக்கு எடுத்தது என்று போத்தலில் எழுதி ஒட்டு. அவன் இறங்கிய கையோடு நேரே ஆய்வுகூடத்துக்கு வரட்டும்.

அன்புடன்,
சுகந்தி