மணியடியின் 667 ரூபாய்

அன்புள்ள பாஸ்கரா,

ஏழு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டவேண்டியதை எல்லாம் முதலில் திட்டி முடித்துக்கொள். முடித்தாயா? சரி. மருமகள் வளைகாப்புப் படங்கள் வந்து சேர்ந்தன. நீ எதற்கு எல்லாப் படத்திலும் கடன்காரன் மாதிரி ஓரத்தில் நிற்கிறாய்? இங்கே சரோஜாவுக்கு மூட்டுவலி, எனக்குச் சர்க்கரை, பையன் பெங்களூரில், மழை கிடையாது. கத்திரி பிறக்கவே இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் சத்துவாச்சாரி மொட்டை மாடியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. வெயிலூர் வெயிலூராகவே இருக்கிறது. நலம் விசாரிப்பு முடிந்தது.

எழுத வந்தது வேறு விஷயம். சரோஜாவிடம் சொல்ல முடியாது, பையனிடம் சொன்னால் சிரிப்பான். இதைச் சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை.

ரிடையர்மென்ட் பணத்தில் ஒரு லட்சம் எடுத்து இணையத்தில் வட்டிக்கு விடுகிறேன் என்று போனில் சொன்னபோது, "அப்பன் புத்தி எங்கேடா போகும்" என்று சிரித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீ முழுசாகக் கேட்கவில்லை. நடுவில் வங்கி கிடையாது. கடன் வேண்டும் என்கிறவன் ஒரு தளத்தில் விண்ணப்பம் போடுவான். என்னைப் போன்ற பத்து இருபது பேர் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு அதை நிரப்புவோம். மாதாமாதம் தவணை பிரிந்து எங்கள் கணக்குக்கு வரும். இங்கிலாந்தில் 2005இல் ஸோபா என்ற கம்பெனி ஆரம்பித்த வியாபாரம் இது. 2021 கடைசியில் அவர்களே இந்தக் கடையைச் சாத்திவிட்டு வங்கித் தொழிலோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது நான் பணம் போட்ட பிறகு தெரிந்துகொண்டது. நம் நாட்டில் 2017 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி போட்டது. ஒருவன் ஒரே ஆளுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது, கடன் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. அடமானம் கிடையாது. புரோநோட்டில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்ள மாமனாரும் கிடையாது.

ஆளுக்கு 2,000 வீதம் 50 பேருக்கு விட்டேன். சராசரி 24 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் ரெண்டு வட்டி. வருஷத்துக்கு 24,000 என்று மனசு கணக்குப் போட்டது, நானும் எம்.காம். படித்தவன்தான். ஆனால் தவணையில் அசலும் சேர்ந்து குறைந்துகொண்டே வருகிறது இல்லையா? 2,000 ரூபாய்க்கு மாதம் 189 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டி முடித்தால் மொத்த வட்டி 269 ரூபாய்தான். ஒருத்தன் ஆரம்பத்திலேயே கவிழ்த்தால், ஒழுங்காகக் கட்டிய ஏழு பேருடைய வட்டி அதோடு போச்சு. எனக்குக் கவிழ்த்தவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் பாதி கட்டியிருந்ததால் என் அசல் தப்பியது. எஃப்டியில் போட்டிருந்தால் இதைவிடக் கூடவும் வந்திருக்கும், தூக்கமும் வந்திருக்கும்.

அப்புறம் ஏன் விடவில்லை என்று கேட்பாய். பணத்துக்காக இல்லை என்று சொன்னால் நம்பு. அந்த விண்ணப்பங்களைப் படிப்பது ஒரு போதை. ராத்திரி சாப்பிட்டதும் சரோஜா சீரியல் பார்ப்பாள், நான் இதைப் பார்ப்பேன். ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு குடும்பம். சம்பளம் எவ்வளவு, ஏற்கெனவே எத்தனை தவணை ஓடுகிறது, சிபில் மதிப்பெண் என்ன (300இலிருந்து 900 வரை, 750 தாண்டினால் நல்ல பிள்ளை), வங்கிக் கணக்கு எப்படி நகர்கிறது. முதலில் நானும் மதிப்பெண்ணைத்தான் பார்த்தேன். அது வாத்தியார் கொடுத்த பழைய நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி, போன வருஷம் எப்படி இருந்தான் என்று சொல்லும், அவ்வளவுதான். இப்போது முதலில் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறேன். ஒன்றாம் தேதி 28,000 சம்பளம் ஏறி, ஏழாம் தேதிக்குள் முன்னூறு ரூபாய்க்கு வந்துவிட்டால் அவனுக்கு வேண்டாம். தவணை எடுக்கப் போய்ப் பணமில்லாமல் ஒருமுறை திரும்பியிருந்தால் மன்னிக்கலாம், மூன்று முறை என்றால் இல்லை. செல்போன் ஆப்களில் மூவாயிரம் நாலாயிரம் என்று வாங்கி வாங்கிக் கட்டியிருந்தால் அவன் ஏற்கெனவே சுழலில் இருக்கிறான். எல்லாத் தவணையும் சேர்த்து வருமானத்தில் பாதியைத் தாண்டினால் யாராக இருந்தாலும் தள்ளிவிடு. இந்தக் கடைசி விதியை ஞாபகம் வைத்துக்கொள், கீழே வருகிறது.

அப்பாவுக்கு இது எதுவும் தேவைப்படவில்லை. 850 ரூபாய் கையில் கொடுப்பார், நாளுக்குப் பத்து ரூபாய், நூறு நாள். வருஷக் கணக்காக மாற்றிப் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டும், அந்தப் பாவம் தனி. ஆனால் ஆள் பார்ப்பதில் அவரை அடிக்க முடியாது. பணம் கேட்டு வந்தவனை அனுப்பிவிட்டு மறுநாள் அவன் தறி ஓடுகிற நேரத்தில் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்பார். அந்த அம்மா சொம்போடு வந்ததும், "பணம் கேட்டாரே, உனக்குத் தெரியுமாம்மா?" என்பார். தெரியாது என்றால் கொடுக்க மாட்டார். பெண்டாட்டிக்குத் தெரியாத கடன் வீடு திரும்பாது என்பது அவர் கட்சி. வட்டி எவ்வளவு என்று கேட்காமல் தலையாட்டுகிறவனுக்கும் கொடுக்க மாட்டார். கட்டுகிற எண்ணம் இருக்கிறவன்தான் பேரம் பேசுவான் என்பார். தண்டல்காரன் மகன் என்று பள்ளிக்கூடத்தில் நீங்கள் எல்லாம் கத்தியபோது எனக்கு அவமானமாக இருந்தது. அறுபது வயதில் அவர் தொழிலை ஏசி அறையில் உட்கார்ந்து செய்கிறேன், அவரில் கால்வாசிகூட வரவில்லை.

இன்னொன்று கேள். கடன் எதற்கு என்று இரண்டு வரி எழுதச் சொல்வார்கள். அந்த இரண்டு வரிதான் ஆளைக் கவிழ்க்கிறது. அமெரிக்காவில் பிராஸ்பர் என்ற தளத்தில் வந்த 1,20,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை எடுத்து, எந்தச் சொல்லை எழுதினவன் கட்டினான், எந்தச் சொல்லை எழுதினவன் கட்டவில்லை என்று ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. கடவுள், சத்தியம், கட்டிவிடுகிறேன், நன்றி, ஆஸ்பத்திரி இதெல்லாம் கட்டாதவர்கள் பக்கம். பட்டப்படிப்பு, குறைந்த வட்டி, வரி போகக் கையில் நிற்பது என்று உலர்ந்த பாஷையில் எழுதினவர்கள் கட்டியவர்கள் பக்கம். அப்பா இதைப் படிக்காமலே சொன்னார், பார்.

ஆனால் 'ஆஸ்பத்திரி' என்ற சொல்லைப் பார்த்ததும் தள்ளிவிட வேலூர்க்காரனால் முடியுமா? சிஎம்சி ஆஸ்பத்திரிப் பக்கம் எதற்காவது போனால் ஐடா ஸ்கடர் ரோட்டில் பாதிக் கடைப் பலகை வங்காளியில் இருக்கிறது. லாட்ஜ் அறையில் சின்ன அடுப்பு வைத்துச் சோறு பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கிறார்கள். ஹௌராவிலிருந்து ஒருத்தன் 'அம்மா ஆபரேஷன், வேலூர்' என்று எழுதியிருந்தான். எல்லா விதியையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கொடுத்தேன். ஒருநாள் தவறாமல் கட்டி முடித்தான். அதே தைரியத்தில் அடுத்த ஆஸ்பத்திரிக்காரனுக்குக் கொடுத்தேன். அவன் முதல் தவணைகூடக் கட்டவில்லை. இதற்கு என்ன விதி எழுதுவது?

என் மைத்துனன் கதை வேறு. அவன் விண்ணப்பம் எதையும் படிக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இத்தனை சதவீதம் நிச்சயம் என்று சொன்ன ஒரு திட்டத்தில் மொத்தமாகப் போட்டான். 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அந்த வித்தையை எல்லாம் நிறுத்தியது. நிச்சய வருமானம் என்று விற்கக் கூடாது, நஷ்டம் முழுக்கக் கொடுத்தவன் தலையில்தான், எந்தக் கடனுக்கும் கொடுப்பவன் ஆளைப் பார்த்துச் சம்மதம் சொன்னால்தான் பணம் போகும் என்று. அவன் பணம் இன்னும் துளித்துளியாக வந்துகொண்டிருக்கிறது. 2022இல் லட்சம் போட்டால் மாதம் ஆயிரக்கணக்கில் என்று சொல்லி நம் ஜில்லாவையே வழித்துக்கொண்டு போனார்களே, அதற்குத் தப்பினவன் இதில் மாட்டினான்.

சரி, சுற்றிச் சுற்றி வருகிறேன், தெரிகிறது. விஷயத்துக்கு வருகிறேன்.

போன அக்டோபரில் ஒருநாள் ராத்திரி பட்டியலைத் தள்ளிக்கொண்டே வருகிறேன். 80,000 ரூபாய், 18 மாதம், 24 சதவீதம், காரணம் 'தொழில்'. ஊர் குடியாத்தம். பெயரைப் பார்த்தேன். நம்ம பள்ளிக்கூட மணியடி.

ஒரே பெயரில் வேறு ஆளாக இருக்கும் என்று நினைத்தேன். வயது பார்த்தேன், தொழில் பார்த்தேன். லுங்கி வியாபாரம். அவனேதான். கொடுக்கிறவனுக்கு வாங்குகிறவன் யார் என்று தெரியும். வாங்குகிறவனுக்கு யார் கொடுத்தார் என்று காட்டமாட்டார்கள், விதியே அப்படித்தான். இத்தனை நாளில் அது நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு யார் வீட்டு ஜன்னலிலோ எட்டிப் பார்த்துவிட்டவன் மாதிரி போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அப்புறம் எடுத்துப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா? மதிப்பெண் 668. மாதம் 32,000 வருமானம் காட்டியிருந்தான், அதில் 17,500 தவணைக்கே போகிறது. மூன்று கடன். போன வருஷப் பொங்கலுக்கு ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டோமே, பில்லை உன் கையிலிருந்து பிடுங்கி, "கோயம்புத்தூர்க்காரனுக்கு இங்கே செல்வாக்குக் கிடையாது" என்று கொடுத்தானே, அன்றைக்கே இந்த மூன்றும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

என் விதிப்படி தள்ளவேண்டிய விண்ணப்பம். அறிமுகமில்லாதவனாக இருந்தால் மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. அன்று ராத்திரி ஒன்றரை மணி வரை முழித்திருந்தேன். அவன் நம்மிடம் கேட்கவில்லை, பாஸ்கரா. உன்னிடமும் கேட்டிருக்கமாட்டான். தெரிந்தவன் யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே முகம் தெரியாதவர்களிடம் போனான்? போன இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நேரில் வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்றும் யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த டிவிஎஸ் 50 விவகாரம் ஞாபகத்துக்கு வந்தது. முப்பது வருஷம் ஆகியும் அதுதான் முதலில் வருகிறது. என்ன மனுஷன் நான்.

10,000 போட்டேன். மீதியை மற்றவர்கள் நிரப்பினார்கள். மாதம் 667 ரூபாய் என் பங்குத் தவணை. நவம்பரிலிருந்து ஐந்து மாதம், ஐந்தாம் தேதி காலையில் டாண் என்று வந்தது. பள்ளிக்கூட மணி அடித்த கை இல்லையா? ஒவ்வொரு மாதமும் அந்த மெசேஜைப் பார்க்கும்போது சந்தோஷமும் கூச்சமும் ஒன்றாக வரும். மணியடியிடம் ரெண்டு வட்டி வாங்கித் தின்கிறேன். சொந்தக்காரனுக்கும் சிநேகிதனுக்கும் கொடுத்தால் அது கடன் இல்லை, மொய் என்று எழுதிக்கொள் என்பார் அப்பா. அவர் நோட்டில் அந்தப் பக்கத்துக்கு வட்டிக் கட்டமே இருக்காது.

ஜனவரியில் அவன் வேலூர் வந்தான். லாங் பஜாரில் சரக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "பிரமாதம்டா" என்றான். எனக்குக் காப்பி இறங்கவில்லை. போகும்போது சரோஜாவிடம் மக்கன் பேடா பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

இந்த மாதம் ஐந்தாம் தேதி வரவில்லை. இன்றைக்குப் பத்தொன்பது. அவன் பெயர் சிவப்பாகிவிட்டது. வசூல் பார்க்கிற ஆட்கள் கூப்பிட ஆரம்பித்திருப்பார்கள். காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று விதி இருக்கிறது. நடுவில் பதினொரு மணி நேரம் இருக்கிறதே. எனக்காகவும் சேர்த்துத்தான் அவனைக் கூப்பிடுகிறார்கள். என் பங்கு வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று தளத்துக்கு எழுதிப் பார்த்தேன். அச்சடித்த பதில்தான் வந்தது. உங்கள் முதலீட்டை மீட்க முழு முயற்சி எடுத்து வருகிறோமாம்.

நேரில் போய்ச் சொல்லிவிடலாமா என்றால், இத்தனை மாதமாகத் தெரிந்து வைத்திருந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கைமாற்றாகக் கொடுக்கலாம் என்றால் எந்தச் சாக்கில்? அவனாகக் கேட்காமல் கொடுத்தால் எப்படி வாங்குவான்? நீ அவனைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம், உனக்குப் பொய் சொல்ல வராது. சிரசுத் திருவிழாவுக்கு வைகாசி ஒன்றாம் தேதி வருவாய் இல்லையா, அப்போதும் கங்கையம்மன் சத்தியமாக வாயைத் திறக்காதே. (இந்தச் சொல்லை எழுதினவனை நம்பாதே என்று மேலே நானே சொன்னேன், பரவாயில்லை.)

கடைசியில் ஒன்று தோன்றியது. பையன் கம்பெனியில் யாருக்கோ மொத்தமாக லுங்கி வேண்டுமாம் என்று சொல்லி, நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் குடியாத்தம் போகிறேன். ஐம்பது உருப்படி, முழுப்பணமும் முன்னாலேயே. பேரம் பேசினால்தான் அவனுக்குச் சந்தேகம் வராது, அதனால் பேசுவேன். ஐம்பது லுங்கியை என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. சரோஜா கேட்டால் உன் பெயரைத்தான் சொல்லப்போகிறேன், அதனால் பத்து லுங்கியாவது நீ எடுத்துக்கொள்ளவேண்டும். வேட்டி தவிர வேறு கட்டமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் கட்டம் போட்டதா, ஒரே நிறமா என்று ராத்திரிக்குள் எழுது.

உன்
தண்டல்காரன் மகன்